நடு வேகாத கொழுக்கட்டை

என் வீட்டுக்காரரை நெஞ்சு ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோனபோது, அவர் பிழைத்து வந்தால் நூற்றெட்டுக் கொழுக்கட்டை படைக்கிறேன் என்று பிள்ளையாரிடம் வேண்டிக்கொண்டேன். பிழைத்து வந்தார். சதுர்த்தியும் வந்தது.

அங்கேதான் அவருடைய அண்ணன் குறுக்கே விழுந்தார். நெருப்பெரிச்சல் என்ற ஊரில் பனியன் கம்பெனி வைத்திருப்பவர். பூஜை அங்கேதான் நடக்க வேண்டும் என்றார்.

"எதுக்கு அம்மணி நூத்தியெட்டு? அத்தனை மாவையும் ஒண்ணாப் புடி. ஊரே வந்து பாக்கட்டும்."

"நடு வேகாதுங்க மாமா."

"அயர்னிங் செக்‌ஷன் பாய்லர் எதுக்கு இருக்குது? அந்த ஸ்டீமுக்கு யானையே வெந்துபோயிரும்."

வேண்டிக்கொண்டது நான். யாருக்காக வேண்டினேனோ அந்த மனுஷனும் அண்ணனுக்கே தலையாட்டினார்.

அத்தனை மாவையும் ஒன்றாகப் பிடித்து அண்டாவில் வைத்தேன். துணி தேய்க்கிற நீராவியைக் குழாய் போட்டு அதற்குள் விட்டார்கள். பூஜைக்கு ஆள் கூடும்வரை வெந்தது. மேலே பாளம் பாளமாக வெடித்திருந்தது. கம்பியைக் குத்தி எடுத்தேன். நுனியில் பச்சை மாவு.

"மனசுல குறையோட புடிச்சிருப்பே அம்மணி. சாமி ஏத்துக்கலை" என்றார், அத்தனை டெய்லர்கள் முன்னால். இன்று நினைத்தாலும் எனக்கு உடம்பு எரிகிறது.

பன்னிரண்டாவது படிக்கும் மகள் என் பக்கம் வந்தாள். "சாமிய ஏம்மா இழுக்கறாரு? ஒடம்புல இருக்கற செல்லும் இப்படித்தான். சாப்பாடு உள்ள போறதும் கழிவு வெளிய வர்றதும் மேல்தோல் வழியாத்தான். ரெண்டு மடங்கு அகலமாச்சுன்னா தோலு நாலு மடங்குதான் ஆகும், உள்ள எட்டு மடங்காயிரும். நடுவுக்கு எதுவும் சரியாப் போய்ச் சேராது. அதனாலதான் ஓரளவு வளந்ததும் ரெண்டாப் பிரிஞ்சுக்குது."

"அவ்வளவு பெரிய யானைக்குமா கண்ணு?"

"யானைக்குன்னு பெரிய செல்லு கெடையாதும்மா. நம்முளுது மாதிரி சின்னதுதான். எண்ணிக்கைதான் ஜாஸ்தி."

நேராக அவரிடம் போனேன். "மாமா, இது யானை மொகத்துச் சாமிங்க. அந்த யானையவே சாமி சின்னச் சின்னதாப் புடிச்சுத்தான் சேத்து வெச்சிருக்குது. நீங்க சாமிய விடப் பெரிய ஆளுங்களா?"

"புள்ளையப் படிக்க வெச்சா இப்படித்தான்" என்று முணுமுணுத்தார்.

நான் தரையில் உட்கார்ந்து கொழுக்கட்டையை உடைத்தேன். வெந்த மேல்பாகத்தை ஒதுக்கிவிட்டு, பச்சை மாவைச் சின்னச் சின்னதாகக் கிள்ளிப் பிடித்தேன். வந்தவர்கள் காத்திருக்கட்டும். கொஞ்ச நேரத்தில் என் வீட்டுக்காரரும் வந்து உட்கார்ந்து மாவைக் கையில் எடுத்தார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

நூற்றெட்டும் வெந்தன. படைத்து முடித்து, பிரசாதத்தை மாமாவிடம் நானே கொண்டுபோய் நீட்டினேன். நடுவில் பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் வாயில் போட்டார்.