பத்து அவுன்ஸில் ஐந்து மைல்

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்களில் நான் கொல்லிமலை எடப்புளி நாட்டில் (அங்கே சில ஊர்கள் சேர்ந்தால் ஒரு நாடு) ஒரு சின்ன மருந்தகத்தில் கம்பவுண்டராக இருந்தேன். மலைக்கு அப்போது மோட்டார் ரோடு கிடையாது. என் மோட்டார் சைக்கிள் அடிவாரத்தில், ஒரு குடியானவர் வீட்டு மாட்டுக் கொட்டகையில், இரண்டு எருமைகளுக்கு நடுவில் நிற்கும். காப்பித் தோட்டத்துத் துரை ஒருவர் சீமைக்குக் கிளம்பும்போது தள்ளிவிட்டுப் போன பழைய வண்டி. அதன்மேல் எனக்கு எவ்வளவு ஆசை என்பதை என் வீட்டுக்காரியிடம் முழுசாகச் சொன்னதில்லை. சொன்னால் சண்டை வரும்.

அவள் பிரசவத்துக்காகத் தாய்வீடு போயிருந்தாள். ஆவணியில் கடிதம் வந்தது. பெண் குழந்தை, மூக்கு மட்டும் உங்களுடையது, பாவம் என்று எழுதியிருந்தாள். அன்று வந்த நோயாளிகள் எல்லோருக்கும் இருமல் மருந்தில் சர்க்கரைப் பாகு கூடுதலாகவே விழுந்தது.

சந்தோஷம் ஒரு பக்கம், பெட்ரோல் ஒரு பக்கம். மருத்துவ வேலை என்பதற்காக எனக்குக் கிடைத்த ரேஷன் கூப்பன் மாதத்துக்கு ஒரு கேலன். அவள் ஊர் அடிவாரத்திலிருந்து நாற்பது மைல். போய்வர எண்பது. என் வண்டியோ ஒரு கேலனுக்கு ஐம்பத்தைந்து மைல் வந்தால் பெரிய காரியம். பெட்ரோலுக்குப் பதில் கரியை எரித்த கேஸில் ஓடிய பஸ்ஸோ ஏற்றம் வந்தால் நின்றுவிடும், அந்த நாற்பது மைலுக்கு ஒரு பகல் பிடிக்கும். எனக்கு லீவு சனிக்கிழமை மத்தியானத்திலிருந்து திங்கள் காலைவரைதான். வண்டியில் போய்ப் பஸ்ஸில் திரும்புவதென்றால் ஞாயிறு விடிவதற்குள் கிளம்ப வேண்டும். என் மகளின் தூங்குகிற முகத்தைப் பார்த்துவிட்டு ஓடிவருவதற்கு எனக்கு மனசில்லை.

ஆகவே கார்ப்பரேட்டரைத் திருத்தி எண்பது மைலையும் அந்த ஒரே கேலனில் ஓட்டிவிடுவது என்று முடிவு செய்தேன். அந்த மாதக் கேலனில் ஏற்கெனவே ஓட்டியது போக இருந்த மிச்சம் சோதனைக்கு, அடுத்த மாதக் கேலன் பயணத்துக்கு. ஒரு மாதம் பொறுத்தால் அப்புறம் மாதாமாதம் பார்க்கலாமே. இதைக் கேட்டு மாமியார் என்ன சொன்னார் என்பதை வீட்டுக்காரி கடிதத்தில் எழுதவில்லை. அவ்வளவு நல்லவள்.

சோதனைக்கு மருந்தகத்துச் சாமான்களே போதுமாயிருந்தன. டாங்கிக் குழாயை மூடிவிட்டு, ஹாண்டில்பாரில் ஒரு மிக்ஸ்சர் பாட்டிலைக் கட்டி, ரப்பர் குழாயால் அதைக் கார்ப்பரேட்டரோடு இணைத்தேன். அவுன்ஸ் கிளாஸில் அளந்து பத்து அவுன்ஸ் பெட்ரோல். கேலனுக்கு நூற்றறுபது அவுன்ஸ். பத்து அவுன்ஸில் ஐந்து மைல் ஓடினால் கேலனில் எண்பது மைல். கொட்டகைக்கு எதிரே ஒரு மைல்கல் உண்டு. அங்கிருந்து கிளம்பி, பெட்ரோல் தீர்ந்து வண்டி நிற்பதற்குள் ஐந்தாவது கல்லைத் தாண்ட வேண்டும். திரும்பி ஓட்டிவரப் பெட்ரோலை வீணாக்க முடியாது, நின்ற இடத்திலிருந்து தள்ளிக்கொண்டு வர வேண்டும்.

தள்ளுவதற்குத் துணை வந்தவர் திருப்புலி நாட்டு மிளகுக்காரர். என் வயதுதான். ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்காகச் சனிக்கிழமை தோறும் மூட்டையோடு மலை இறங்குவார், வழியில் எனக்குப் பேச்சுத் துணை. பேச்சில் குறும்பு அதிகம், ஆனால் மிளகு விஷயத்தில் யாரையும் நம்பமாட்டார். மூட்டையை ஒரு வீட்டிலும் இறக்கி வைக்கமாட்டார். பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து அதை மடியில் வைத்துக் கட்டிப்பிடித்துக்கொள்வார்.

முதல் சனிக்கிழமை மூன்றாவது கல்லைக் கொஞ்சம் தாண்டி நின்றோம். பிளக்கைக் கழற்றினால் அடுப்புக்கரி. பெட்ரோல் பாதி எரியாமலே போகிறது என்று அர்த்தம். கார்ப்பரேட்டருக்குள் பெட்ரோல் வரும் துவாரத்தை அடைக்கும் ஊசியை ஒரு வெட்டு, அதாவது ஒரு படி, இறக்கினேன். அடுத்த வாரம் நாலாவது கல் வந்தது! பிளக் அழகாகக் கேழ்வரகு நிறம். நான் ரோட்டிலேயே குதித்தேன். மிளகுக்காரர் வந்த வழியைத் திரும்பிப் பார்த்தார்.

"ஏனுங்க, நீங்க நல்லாப் பண்ணப் பண்ண நம்ம தள்ளற தூரமில்லீங்க கூடுது?"

மூன்றாவது வாரம் பேராசைப்பட்டு ஊசியை இன்னொரு வெட்டு இறக்கினேன். எஞ்சின் தும்மியது, இருமியது, கை வைக்க முடியாதபடி கொதித்தது. மூன்றாவது கல்லுக்கு முன்னாலேயே படுத்துவிட்டது. எனக்குக் கோபம் வந்தால் கண் தெரியாது. டயரை ஓர் உதை விட்டேன். வலி எனக்குத்தான். "அதுக்குத் தெரியுமுங்களா, உங்களுக்குக் கொழந்த பொறந்தது?" என்றார் மிளகுக்காரர், மூட்டையை விடாமலே.

மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை. ஊசியைப் பழையபடி ஏற்றி, கார்ப்பரேட்டரில் பெட்ரோல் சொட்டிக்கொண்டிருந்த மிதவை அறையைச் சரிசெய்து, காற்றுத் துவாரத்தை ஊதித் துடைத்திருந்தேன். எஞ்சின் பாட்டுப் படித்தது. நாலாவது கல் போயிற்று. அதற்கப்புறம் கால் மைல். நின்றுவிட்டது. இதற்கு மேல் செய்ய எனக்குத் தெரிந்த வித்தை ஒன்றும் இல்லை. புளியமரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன். முக்கால் மைல் குறைகிறது. கேலனுக்குப் பார்த்தால் பன்னிரண்டு மைல். குழந்தை குப்புற விழுவதையும் தவழுவதையும் கடிதத்தில்தான் படிக்கப்போகிறேன்.

மிளகுக்காரர் மூட்டையை மடியில் இடுக்கிக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஏனுங்க, உங்க மாமியா ஊட்டுக்கு நானும் வரோணுங்களா?"

எரிச்சலாக வந்தது. "நீங்க எதுக்குங்க அங்க?"

"இந்த மூட்டையாச்சும் வரோணுங்களா?"

"மிளகு மூட்டைக்கு அங்க என்னங்க வேல?"

"அப்பறம் எங்க ரெண்டு பேரையும் ஏத்திக்கிட்டு எதுக்குங்க ஓட்டிப் பாக்கறீங்க?"

அரை கிரெயின் மருந்தைத் தராசில் நிறுத்துக் கொடுக்கிறவன் நான். தள்ள ஆள் வேண்டும் என்று ஓர் ஆளை ஏற்றி, அவர் விடாத மூட்டையையும் ஏற்றி, ஒரு மாதமாக ஊசியைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். வெட்கமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. இரண்டு பேரும் ரோட்டோரத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். கள்ளுக்கடையிலிருந்து வருகிறோம் என்று நினைத்து ஒரு வண்டிக்காரர் மாட்டை ஒதுக்கி ஓட்டிக்கொண்டு போனார்.

அவசரம் அவசரமாகக் கொட்டகைக்குத் தள்ளிவந்து, வெளிச்சம் இருக்கும்போதே மறுபடியும் பத்து அவுன்ஸ் ஊற்றினேன். அவர் மூட்டையோடு மைல்கல்மேல் உட்கார்ந்துகொண்டார். நான் தனியாகக் கிளம்பினேன். நாலாவது கல், புளியமரம், ஐந்தாவது கல்! அதையும் தாண்டி ஒரு வாய்க்கால் பாலம் வரை போய்த்தான் நின்றது. பாலத்துச் சுவரை முத்தமிட்டேன் என்றால் நம்பமாட்டீர்கள். ஐந்து மைலுக்கும் மேலே ஒற்றை ஆளாகத் தள்ளிக்கொண்டு, வாய்க்கு வந்ததைப் பாடிக்கொண்டு திரும்பினேன். மூன்றாவது கல்லருகே எதிரே மூட்டையோடு நடந்துவந்தார் மிளகுக்காரர். நான் பாடிக்கொண்டே தள்ளிவருவதைப் பார்த்ததுமே, "தாண்டிப்போட்டீங்களாக்கும்!" என்று கூவினார்.

அடுத்த மாதம் கூப்பன் கிடைத்த முதல் சனிக்கிழமையே புறப்பட்டேன். பெட்டி இல்லை, படுக்கை இல்லை, மாற்று வேட்டிகூட இல்லை. காலணியைக்கூடக் கொட்டகையில் கழற்றி வைத்துவிட்டேன், அது கொஞ்சம் அதிகம்தான்.

சாயங்காலம் போய்ச் சேர்ந்தபோது வீட்டுக்காரி குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு வாசலில் நின்றாள். புழுதியும் பெட்ரோலுமாக நான். குழந்தைக்காகக் கை நீட்டினேன். அவள் கொடுக்கவில்லை. வண்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"திரும்பிப் போறதுக்குப் பெட்ரோலு இருக்குதுங்களா?"

டாங்கி மூடியைத் திறந்து, வண்டியை லேசாக ஆட்டிக் காட்டினேன். உள்ளே தளும்பியது.

"பஸ்ஸுக்குப் போக வேண்டாமுங்களா?"

"வேண்டாம்."

"அப்ப நாளைக்குப் பொழுது சாயற வரைக்கும் இருப்பீங்க" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இத்தனை நாளும் அவளும் அங்கே உட்கார்ந்து மைல் கணக்குத்தான் போட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். அதற்கப்புறம்தான் சிரித்து, குழந்தையை என் கையில் கொடுத்தாள்.