முப்பத்தெட்டாம் ஆணி

கொடுத்த கைக்குத்தான் ஞாபகம் இருக்கும், வாங்கிய உடம்பு கரை ஏறியதும் மறந்துவிடும். படகுத்துறையில் லைஃப் ஜாக்கெட் கொடுத்து வாங்குகிற வேலை இவ்வளவுதான். நூலகத்தில் புத்தகமோ, கல்யாண மண்டபத்தில் பாத்திரமோ கொடுத்து வாங்கியவர்கள் இதைப் படித்தால், நான் சொல்லும் முன்பே தலையாட்டுவார்கள்.

எங்களுடையது கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவில் உப்பங்கழியில் இருக்கிற சின்னத் துறை. துடுப்புப் படகு பன்னிரண்டு. ஒரு படகுக்கு விருந்தாளி நாலு பேர், படகோட்டி ஒருவர். ஆக ஜாக்கெட் அறுபது. என் அறைச் சுவரில் ஆணியும் அறுபது, ஆணிக்கு மேல் நம்பர். நான் படித்தது அஞ்சாம் வகுப்பு வரை. எண்ணுவதற்கு அது போதும். எனக்கு இல்லாதது குரல். நாலு பேர் நடுவில் ஒருவரைச் சத்தம் போட்டுக் கூப்பிட இந்த அறுபத்திரண்டு வயதிலும் எனக்கு வராது.

கடைசி நாள்

ஐப்பசி மழைக்குத் துறையை மூடுகிற நாள். கடைசி இரண்டு படகும் கரைக்கு வரவும் வானம் உடைந்துகொண்டு ஊற்றவும் சரியாக இருந்தது. ஒரு குடும்பத்தில் ஏழு பேர், மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு வேனுக்கு ஓடினார்கள். அதில் ஒரு பெரியவரின் மழைக்கோட்டு மட்டும் பானை மாதிரி உப்பியிருந்தது. எனக்குச் சந்தேகம் வந்தது. கூப்பிட வாய் வரவில்லை. வேன் போய்விட்டது. எண்ணிப் பார்த்தேன், ஐம்பத்தொன்பது. முப்பத்தெட்டாம் ஆணி வெறும் ஆணியாக நின்றது.

பொங்கலுக்கு முன் அதிகாரி வந்து எண்ணுவார். ஜாக்கெட் குறைகிற படகுக்கு அந்த வருஷம் அனுமதி கிடையாது. புதிதாக ஒன்று வாங்கினால் சோதனை முத்திரை வாங்கிவர மாசக்கணக்காகும் என்று துறை முதலாளி கைவிரித்துவிட்டார். குறைவது எப்போதும் பன்னிரண்டாம் படகுக்குத்தான், கடைசியாகச் சேர்ந்தவருடையது. அது ஆரோக்கியத்தின் படகு. சிப்காட்டில் கூலி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர், மனைவியின் நகையை விற்றுப் போன வருஷம்தான் படகு வாங்கினார். அவரிடம் போய், தப்பு என்னுடையது, பொங்கலுக்குள் அறுபதாக்கிக் கொடுக்கிறேன் என்றேன். அவர் படகுக் கயிற்றை இன்னொரு சுற்று இறுக்கிக் கட்டினார். பிறகு சிரித்தார். "நீ தேடு அக்கா. நான் அந்தோணியாருக்கு மெழுகுவத்தி ஏத்துறேன். காணாமப்போனது எல்லாத்தையும் கண்டுபுடிச்சித் தருவாரு, ஆனா அவருக்கு வேன் நம்பர் தெரியணுமே!"

நெத்திலியும் டெட்டாலும்

துறை மூடினால் எனக்கு ஓய்வு என்று நினைக்கிறவர்கள் மழைக்காலத்தில் ஒரு லைஃப் ஜாக்கெட்டை மோந்து பார்க்கவேண்டும். பூஞ்சை பிடித்த ஜாக்கெட்டை அதிகாரி கணக்கில் சேர்க்கமாட்டார். காணாமல்போனது ஒன்று, கெட்டுப்போனது நாலு என்று ஆகிவிடக் கூடாதே. வாரம் ஒருமுறை ஐம்பத்தொன்பதையும் டெட்டால் தண்ணீரில் துடைத்து, வெயில் எட்டிப்பார்க்கிற ஒரு மணி, அரை மணிக்குள் காயவைத்து எடுக்கவேண்டும்.

மேடான, தண்ணீர் நிற்காத இடம் துறையில் ஒன்றே ஒன்று. அதே இடத்துக்கு அதே வெயிலை நம்பிக் கருவாட்டுக்காரி கஸ்தூரியும் கூடையோடு வந்துவிடுவாள். நடுவில் ஒரு கயிறு போட்டுப் பாதி பாதி என்று பிரித்துக்கொண்டோம். காற்று கயிற்றை மதிக்கவில்லை. ஜாக்கெட்டில் நெத்திலி வாடை வருகிறது, கூடையைக் கொஞ்சம் தள்ளி வை என்று ஒருநாள் மெதுவாகச் சொன்னேன். இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்: "உன் ஜாக்கெட்டு நெத்திலி நாத்தம் நாறுனா படகுக்கு வர்றவுங்க மேலதான் போட்டுக்குவாங்க. என் நெத்திலி டெட்டால் நாத்தம் நாறுதே, அத யாருடி துன்னுவா?"

மூன்றாம் நம்பர் கூண்டு

கார்த்திகையில் கடலூர் துறைமுகத்தில் மூன்றாம் நம்பர் புயல் கூண்டு ஏற்றியதாகச் சொன்னார்கள். அன்று மத்தியானமே எங்கள் பக்கம் தாழ்வான தெருக்களில் தண்ணீர் ஏறிவிட்டது. பரங்கிப்பேட்டையிலிருந்து நூர்தீன் என்கிற தம்பி நாலைந்து பேரோடு வந்து நின்றார். சவூதியிலிருந்து லீவில் வந்தவர். ஆட்களைப் படகில் கொண்டுவரவேண்டும், பத்து ஜாக்கெட் கொடுங்கள் அம்மா என்றார்.

ஜாக்கெட் இருப்பதே உயிரைக் காப்பாற்றத்தான். மாட்டேன் என்று சொல்ல வாய் வராது. ஆனால் நம்பர் எழுதாமல் கொடுக்கவும் எனக்குக் கை வராது. கொட்டுகிற மழையில் பத்து நம்பரையும், போட்டுக்கொள்கிறவர் பேரையும், அவர் அப்பா பேரையும் கேட்டு எழுதிய பிறகுதான் ஒவ்வொன்றாகக் கழற்றிக் கொடுத்தேன். மூன்றாம் நாள் பத்தும் வந்தன, அலசிக் காயவைத்து, நம்பர் வரிசையில் அடுக்கி. இத்தனை கெடுபிடி எதற்கு என்று கேட்டார். முப்பத்தெட்டாம் ஆணியைக் காட்டி ஆரோக்கியம் கதையைச் சொன்னேன். உடனே போனை எடுத்து ஜாக்கெட்டைப் படம் பிடித்தார். மாவட்டத்து வேன் டிரைவர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிடச் சொல்லி, வேன் ஓட்டுகிற தன் மச்சானுக்கு அனுப்பினார். கிளம்பும்போது சொன்னார்: "இன்ஷா அல்லா கெடைச்சிடும்மா. ஆனா ஒண்ணு, ரியாத் ஏர்போர்ட்ல கூட என்னை இவ்ளோ கேள்வி கேக்கல."

தரிசனம் முடித்து வந்தவர்கள்

மார்கழியில் சிதம்பரத்தில் ஆருத்ரா தரிசனம். தேரும் தரிசனமும் பார்த்த கூட்டத்தில் ஒரு பகுதி, வந்தது வந்தோம், படகிலும் போய்விடலாம் என்று எங்கள் துறைக்கு வரும். மூடியிருக்கிறது என்ற பலகையைப் படித்துவிட்டு, மூடியிருக்கிறதா என்று என்னிடம் கேட்பார்கள். அன்று ஒரே காலையில் முப்பத்தோரு பேர் கேட்டார்கள்.

விருத்தாசலம் பக்கத்திலிருந்து வந்த ஒரு வேன் ஆட்கள் மட்டும் விடவில்லை. படகு வேண்டாம், கட்டிப்போட்ட படகில் உட்கார்ந்து ஜாக்கெட்டோடு போட்டோ மட்டும் எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். நாலு நாலு பேராக விட்டேன். நாலு போனது, நாலு வந்தது, அடுத்த நாலு. வேன் டிரைவர் ஓரமாக நின்று என்னையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு போனை எடுத்து ஒரு படத்தைத் தேடினார். நூர்தீன் எடுத்த அதே படம். "இது உங்களுதுதானா? மங்கலம்பேட்டை டீக்கடையில ஒரு பெரியவரு தினம் காலையில இதத்தாம்மா மாட்டிக்கினு குந்தியிருக்காரு. நாங்க ஏதோ புது மாடல் ஸ்வெட்டருன்னு இல்ல நெனச்சோம்!"

மங்கலம்பேட்டை

மறுநாள் காலை முதல் பஸ். விருத்தாசலத்தில் இறங்கி வேறு பஸ். வழியெல்லாம் என்ன பேசுவது என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். டீக்கடையைக் கண்டுபிடிக்கச் சிரமமே இல்லை; நூறு அடி தூரத்திலிருந்தே ஆரஞ்சு நிறம் தெரிந்தது. பெரியவருக்கு எண்பது வயசிருக்கும். நெஞ்சில் 38.

பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து ஒரு டீ குடித்தேன். வாய் வரவில்லை. இன்னொரு டீ குடித்தேன். ஆரோக்கியத்தின் படகு கட்டிக் கிடப்பதை நினைத்துக்கொண்டு, மூன்றாவது டீக்கு முன்னால் சொல்லிவிட்டேன்: "ஐயா, இது எங்க துறையோடது." அவர் திருடனில்லை. பரிசு மாதிரி டிக்கெட்டோடு சேர்த்துக் கொடுத்ததாகவே நினைத்திருந்தார். முதுகுக்கு இதம், பனிக்குக் கதகதப்பு, அதோடு ஆபத்தில் ஊத ஜாக்கெட்டில் கோத்திருக்கிற அந்த விசில். கடலைக் கொல்லைக்கு வருகிற மயில்களைத் தினமும் அதை ஊதித்தான் விரட்டுகிறாராம். ஊதிக் காட்டினார். தெருவே திரும்பிப் பார்த்தது. எனக்கும் உள்ளே ஏதோ ஒன்று நிமிர்ந்து உட்கார்ந்தது.

முன்தினமே சிதம்பரத்தில் ஒரு கம்பளி ஸ்வெட்டர் வாங்கி வைத்திருந்தேன். இந்தக் குளிரில் வயசானவர் மேலிருந்து உருவிக்கொண்டு வர என்னால் முடியாது. ஒரு படகுக்காரர் இதற்காகக் காத்திருக்கிறார் என்றேன். மறுபேச்சில்லாமல் கழற்றிக் கொடுத்தார். ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு முன்பக்கம், பின்பக்கம், பை எல்லாம் தடவிப் பார்த்துவிட்டு முகம் வாடிக் கேட்டார்: "எல்லாம் சரி, இதுல விசிலு இல்லியேம்மா?"

காணும் பொங்கல்

அதிகாரி வந்தார், எண்ணினார், அறுபது. நான் அவருக்கு முன்பே ஏழு தடவை எண்ணியிருந்தேன். பன்னிரண்டு படகுக்கும் அனுமதி.

காணும் பொங்கலன்று துறை தாங்காத கூட்டம். பதினோரு படகும் போய், அதில் முதல் படகு திரும்பியும் வந்துவிட்டது. பன்னிரண்டாவதில் நாலு விருந்தாளி ஏறியாயிற்று. ஆரோக்கியம் முப்பத்தெட்டாம் நம்பரை மடித்துப் பலகையில் போட்டு அதன்மேல் உட்கார்ந்து துடுப்பை எடுத்தார். இரண்டு பஸ் ஏறி இறங்கி நான் கொண்டுவந்த ஜாக்கெட். ஆரோக்கியம், ஆரோக்கியம் என்றேன். என் குரல் என் காதுக்கே எட்டவில்லை. படகு கரையை விட்டு நகர்ந்தது.

அப்போதுதான், முதல் படகிலிருந்து வாங்கிக் கையில் வைத்திருந்த ஜாக்கெட்டின் விசிலைப் பார்த்தேன். இத்தனை வருஷம் அறுபது விசில் என் தலைக்கு மேலேயே தொங்கியிருக்கிறது. கயிற்றோடு கழற்றிக் கழுத்தில் மாட்டி ஊதினேன். கூட்டம் மொத்தமும் திரும்பியது. ஐஸ் விற்கிறவர் மணியை நிறுத்தினார். ஆரோக்கியம் துடுப்போடு எழுந்து நின்றுவிட்டார். மாட்டு என்று கையால் காட்டினேன். அவர் மாட்டி, வாரை இழுத்துக் கட்டும்வரை விசிலை வாயிலிருந்து எடுக்கவில்லை. படகு மறுபடி நகர்ந்தபோது, தண்ணீர் மேலிருந்து அவர் கத்தினார்: "அந்தோணியாரே, ஜாக்கெட்டதான் கண்டுபுடிச்சித் தரச் சொன்னேன், அக்காவோட தொண்டையையுமா கேட்டேன்?"

சாயங்காலம் அறுபது ஆணியும் நிறைந்துவிட்டன. ஆனால் விசில் எண்ணிக்கை ஐம்பத்தொன்பதுதான், ஒன்றை நான் கழுத்திலிருந்து கழற்ற மறந்துவிட்டேன்.