பேத்தி வரும் நாளில் படுத்துக்கொண்ட ஏசி

போன வாரம் நல்ல கத்திரி வெயிலில் என் கார் ஏசி காலை வாரிவிட்டது. அதுவும் என்றைக்கு?

செங்கல்பட்டு ஆஸ்பத்திரியிலிருந்து என் மகள் தேவியையும், பிறந்து ஐந்தே நாளான பேத்தியையும் சதுரங்கப்பட்டினத்து வீட்டுக்கு அழைத்து வர வேண்டிய அன்றைக்கு! மத்தியானம் டிஸ்சார்ஜ். காலையில் காரை எடுத்தால் ஏசி உறுமுகிறதே தவிர, காற்று வரவில்லை. கூடவே ஏதோ வாடை. மீன் காயும் எங்கள் கடலோர ஊர்க் காற்றே அப்படித்தான் என்று விட்டுவிட்டேன். ஆனால் பச்சைக் குழந்தையை இந்த வேக்காட்டில் எப்படிக் கொண்டு வருவது?

நேராக செங்கல்பட்டில் ஏசி மெக்கானிக் பாபுவிடம் போனேன். இரண்டு மாதம் முன்புதான் அவரிடம் சர்வீஸ் விட்டிருந்தேன். இறங்கியதுமே கத்தினேன்.

"இன்னா பாபு, நீ போட்ட கேஸ் அதுக்குள்ள காலியா? சீக்கிரம் கேஸ் அடி. கொழந்த காத்துகினு கீது!"

ஏசி மக்கர் செய்தால் நமக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் கேஸ் அடிப்பதுதானே?

பாபுவும் லேசுப்பட்டவர் அல்ல. மீட்டரை மாட்டிப் பார்த்துவிட்டு எகிறினார். "வந்ததும் வராததுமா இன்னாத்துக்கு சார் கத்துற? கேஸ் ஃபுல்லா கீது. காத்து போற வழிதான் அடைச்சிகினு கீது. கொஞ்சம் கம்முனு இரு."

டேஷ்போர்டு பெட்டியைக் கழற்றினார். அதற்குள் ஒரு கிழிந்த பாலிதீன் பை. பின்னால் இருந்த ஏசி ஃபில்டரை உருவினார். பாதியைக் காணோம்! எலி குதறி எடுத்துப்போய் ப்ளோயரில் கூடு கட்டியிருந்தது. எலி ஓடிப்போயிருந்தது. கூட்டில் கிடந்தது... நெத்திலிக் கருவாடு.

"எலிக்கு விருந்து வச்சிட்டு என்னாண்ட சண்டைக்கு வர்றியே சார்!"

என் காரில் கருவாடா? ஆஸ்பத்திரியில் இருந்த மனைவிக்கு போன் போட்டுப் புலம்பினேன். பக்கத்தில் தேவி சிரிப்பது கேட்டது.

"அப்பா... அது என்னுதுப்பா. கால் வீங்குது, உப்பு ஆகாதுன்னு அம்மா கருவாட்டக் கண்ணுலயே காட்டல. அம்மா கோயிலுக்குப் போனதும் வறுத்துத் துன்னலாம்னு கார்ல ஒளிச்சு வச்சேன். அதுக்குள்ள வலி வந்துடுச்சு!"

"அடிப்பாவி!" என்ற மனைவிக்கும் சிரிப்பு தாங்கவில்லை.

நான் அவசரப்படுத்தியும் பாபு விடவில்லை. "எலி அழுக்கு கொழந்த மூக்குல ஏறும் சார். சுத்தமா கழுவிட்டுதான் குடுப்பேன்." கழுவினார், புது ஃபில்டர் போட்டார். ஜில்லென்று வந்த காற்றில் எனக்கு உயிரே வந்தது. கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டேன்.

"வுடு சார், தாத்தா ஆன டென்ஷன்!"

ஒன்று பழுதானால் நாம் என்ன செய்கிறோம்? திறந்து பார்க்கும் முன்பே, கத்துவதற்கு ஓர் ஆளைத் தேடிப் பிடித்துவிடுகிறோம்.

மத்தியானம் நால்வருமாகக் கிளம்பினோம். என்ன கழுவி என்ன... அந்த வாசம் லேசாக இருக்கத்தான் செய்தது. தேவி மடியில் இருந்த பேத்தி மூக்கைச் சுருக்கினாள். அழப்போகிறாளோ? நான் வண்டியை மெதுவாக்கினேன்.

ஒரு கொட்டாவி விட்டாள். வீடு வரும்வரை நிம்மதியாகத் தூங்கினாள்.

சந்தேகமே இல்லை — எங்கள் ஊர்க்காரிதான்!