மலைக்காகக் கேட்ட துஆவுக்கு உப்பளத்தில் வந்த பதில்

அளவற்ற அருளாளனைப் புகழ்ந்து தொடங்குகிறேன். இதை வாசிக்கிற ஒவ்வொருவர் வீட்டிலும் அவன் அமைதியை இறக்கட்டும்.

நான் கூனிமேட்டுக்காரன். வயது முப்பத்தொன்று. சைக்கிள் மிதிப்பதுதான் என் தொழில். இதைச் சொன்னால் ஊரில் முதலில் சிரிப்பார்கள், அப்புறம் "சம்பளம் தர்றாங்களா?" என்று கேட்பார்கள். தருகிறார்கள். வளைகுடாவில் ஒரு பந்தய அணியில் நான்கு வருடமாக இருக்கிறேன். அணியில் என் வேலை மலை. ரோடு மேலே ஏறத் தொடங்கியதும் எங்கள் கேப்டனுக்கு முன்னால் போய்க் காற்றைத் தாங்கிக்கொண்டு, உச்சிக்குப் பக்கத்தில் அவரைக் கொண்டுபோய் விட வேண்டும். கடலும் உப்பளமுமாக மட்டமாகக் கிடக்கிற எங்கள் பக்கத்தில் பெரிய ஏற்றம் என்றால் வேகத்தடைதான். இங்கிருந்து மலையேறுகிறவன் எப்படி வந்தான் என்று எனக்கே தெரியாது. ஒல்லி உடம்பும் நிறைய மூச்சும் அல்லாஹ் கொடுத்தது.

போன வருடம் அந்த மலையே என்னைக் கைவிட்டது. ஏற்றத்தின் கடைசிப் பகுதி வந்ததும் இரண்டு தொடையும் இழுத்துப் பிடிக்கும். தலை சுற்றும். ஒருமுறை வாந்தி. ஒருமுறை எந்த நாட்டில் இருக்கிறேன் என்பதே கொஞ்ச நேரம் மறந்துவிட்டது. கேப்டன் தனியாக மேலே போவார், நான் ரோட்டோரம் உட்கார்ந்திருப்பேன். இதயத்தைப் பார்த்தார்கள், சரி. நுரையீரல், சரி. முழங்கால், அதுவும் சரி. எல்லாம் சரி என்றால் எனக்கு என்னதான் கேடு? கடைசியில் மேனேஜர் போன் போட்டார். ஜூலையில் துருக்கியில் ஒரு மலைப்பந்தயம், அதிலும் பாதியில் நின்றால் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாட்டோம் என்றார். இந்த வயதில் வெளியே விட்டால் எந்த அணியும் சேர்த்துக்கொள்ளாது.

ரமலானுக்கு ஊருக்கு வந்தேன். வந்தால் கூனிமேட்டில் இருந்த அத்தனை பேரும் டாக்டர் ஆகிவிட்டார்கள். ஒருத்தர் கண் பட்டிருக்கிறது என்றார். ஒருத்தர் ஆட்டுக்கால் சூப் என்றார். எங்கள் தெரு மளிகைக் கடைக்காரர் என்னை நிறுத்திவைத்து, "டேய், இவ்ளோ கஷ்டப்படுறதுக்கு ஒரு பைக் வாங்கிக்கோயேன்" என்றார். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. என் சோறு போகப் போகிறது, இவருக்கு பைக்.

இப்போது என் முட்டாள்தனத்தைச் சொல்கிறேன், கேளுங்கள். தொல்லை தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் நான் உப்பை அடியோடு நிறுத்தியிருந்தேன். மலையேறுகிறவனுக்கு எடைதான் எதிரி. உப்பு உடம்பில் தண்ணீரைப் பிடித்துவைக்கும், விட்டால் எடை குறையும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். எடையும் குறைந்தது. அணியில் யாருக்கும் சொல்லவில்லை, மற்றவன் செய்துவிடுவான் என்ற பயம். டாக்டர்களிடமும் சொல்லவில்லை. அங்கே என்னோடு இருந்த என் மனைவி ஷகிலாவுக்கு மட்டும் தெரியும், அவள்தானே எனக்குத் தனியாக ஆக்க வேண்டும்.

"என்னங்க, உப்பில்லாம ஒரு மனுஷன் எப்படி வெயில்ல மிதிப்பான்?" என்பாள். "சைக்கிளப் பத்தி உனக்கு என்ன தெரியும்?" என்பேன். ஒவ்வொரு நாளும் இதே பாட்டு. அந்த ரமலானில் பள்ளிவாசல் நோன்புக் கஞ்சியைக்கூட வேண்டாம் என்று தள்ளிவிட்டு, பேரீச்சம்பழமும் வெள்ளரிக்காயும் தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தேன். கஞ்சி ஊற்றுகிறவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணில் நிற்கிறது.

பெருநாள் முடிந்து மூன்றாவது வாரம். மதியம் லுஹர் தொழுதுவிட்டுப் பள்ளிவாசலிலேயே உட்கார்ந்து துஆவுக்குக் கையேந்தினேன். கெஞ்சவில்லை, சண்டை போட்டேன். யா அல்லாஹ், மலையே இல்லாத ஊரில் பிறக்கவைத்து, மலையேறும் காலையும் கொடுத்து, இப்போது பாதியில் உட்காரவைத்தால் இது என்ன நியாயம்? எனக்கு ஒரு நல்ல நிபுணரைக் காட்டு, இன்றைக்கே காட்டு என்று கேட்டேன். கோபத்தோடு எழுந்து, அந்த வெயிலிலேயே மரக்காணம் பக்கம் சைக்கிளை விட்டேன். மலை இல்லாததால் எதிர்காற்றில் கனமான கியரைப் போட்டு மிதிப்பதுதான் எனக்குப் பயிற்சி.

உப்பளம் தாண்டவில்லை. கண் இருட்டியது. அதற்குப் பிறகு எனக்குத் தெரிந்தது ஒரு கீற்றுக் கொட்டகையும், என் கன்னத்தில் தட்டிக்கொண்டிருந்த ஒரு கையும்தான். உப்பு வாருகிற தனம் அக்காவும் இன்னும் இரண்டு பேரும் தூக்கிவந்து போட்டிருந்தார்கள். என் கறுப்புப் பனியன் அந்த அனலில் காய்ந்துபோயிருந்தது. அக்கா அதைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏம்பா, இவ்ளோ வேர்த்திருக்குது, துணியில ஒரு பொட்டு உப்பு பூக்கலியே. எங்க துணியெல்லாம் பாரு, எப்படி வெளுத்திருக்குது. நீ உப்பு திங்கிறியா இல்லியா?"

"இல்லக்கா. எடை கூடிடும்."

அக்கா தலையில் அடித்துக்கொண்டார். "படிச்சவன் மாதிரி இருக்கிற. அறிவு வேணாம்? வெயில்ல நிக்கிற எங்களுக்கே இது தெரியும். குடி இத." உப்புப் போட்ட பழைய சோற்றுத் தண்ணீரை என் வாயில் வைத்தார். இதற்கு நடுவில் மற்றவர்கள் ஆட்டோவைப் பிடித்திருந்தார்கள்.

ஆஸ்பத்திரியில் ரத்தத்தைப் பார்த்ததும் உப்பு அடிமட்டத்தில் இருப்பது தெரிந்தது. முதல்முறையாக டாக்டரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் திட்டிய திட்டு தனம் அக்காவையும் மிஞ்சிவிட்டது. இப்படியே இன்னும் சில நாள் போயிருந்தால் வலிப்பு வந்திருக்கும், ஆளே தப்பியிருக்க மாட்டாய் என்றார். நான் நிபுணரைக் கேட்டேன். முழங்கால் வரை சேறோடு ஒரு நிபுணர் வந்தார், கேட்ட அன்றைக்கே வந்தார். வீட்டில் ஒரு வருடமாக ஒருத்தி சொன்னதை நான் காதில் வாங்கவில்லை. இதை நினைத்தால் இன்றைக்கும் என் மேலேயே எரிச்சல் வருகிறது.

டாக்டர் சொன்னபடி சாப்பிட்டேன், மெதுவாகத் திரும்பவும் மிதித்தேன். ஜூலையில் துருக்கி. மலையின் கடைசிப் பகுதி வந்தது. தொடை பிடிக்குமா என்று காத்துக்கொண்டே மிதித்தேன், பிடிக்கவில்லை. உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் கேப்டனை விட்டேன், அவர் ஜெயித்தார். அன்று சாயங்காலமே மேனேஜர் இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்து வாங்கினார்.

ஷகிலாவுக்குப் போன் போட்டு, "நம்ம துஆவ அல்லாஹ் ஏத்துக்கிட்டான், நான் ஏறிட்டேன்" என்றேன்.  அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம்.

"நீங்க ஏறணும்னு நான் ஒரு நாளும் கேக்கலங்க. நல்லபடியா இறங்கி வரணும்னுதான் அஞ்சு வேளையும் கேட்டேன்."

 உப்பளத்து ரோட்டில் என் உயிரை மீட்டுக் கொடுத்தது யாருடைய துஆ என்று அப்போதுதான் புரிந்தது. நான் எனக்காக மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

என் சகோதர சகோதரிகளே, கேளுங்கள். கோபம் வந்தால் கோபத்தோடும் கேளுங்கள், அவன் தாங்கிக்கொள்வான். கேட்டுவிட்டு டாக்டரிடம் எதையும் மறைக்காதீர்கள். உங்கள் வீட்டிலும் உங்களுக்காக யாரோ கையேந்திக்கொண்டிருப்பார்கள். அவர்கள் சமையல்கட்டிலிருந்து ஏதாவது சொன்னால், என்னைப் போல எதிர்ப்பேச்சு பேசாமல் ஒரு தடவை கேட்டுத்தான் பாருங்களேன்.