செல்லரித்த நாலு பக்கம்

நேற்று மகள் கொப்பிக்கு உறை ஒட்டக் கோதுமை மாப் பசை காய்ச்சினாள். அந்த மணத்தோடு, மருதனார்மடம் சந்தியில் சைக்கிள் கடைக்குப் பின்னால் இருந்த வாடகைப் புத்தகக் கடை நினைவில் வந்தது. இப்போது அங்கே கைத்தொலைபேசி விற்கிறார்கள்.

தகரக் கூரை வெக்கையில், பசை தடவி ஒட்டிய நாவல்களைப் புரட்டி, பிடித்த எழுத்தாளரின் புத்தகத்தை எடுத்து வந்து, திருப்பிக் கொடுக்கும் முன் முழுவதையும் கொப்பியில் பார்த்தெழுதுவேன். எனக்குப் பதின்மூன்று வயது. எழுத எழுத அவருடைய நீண்ட வாக்கியங்கள் கையோடு வந்துவிட்டன.

அவருடைய நாவல் ஒன்றின் கடைசி நாலு பக்கங்களைச் செல் அரித்திருந்தது. கதாநாயகியின் கோபத்தோடு கதை நின்றது. மிச்சத்தை அவரைப் போலவே எழுதி முடித்து, அதைச் சொல்லாமல் கொப்பியை மச்சாள் ஜெயாவிடம் வாசிக்கக் கொடுத்தேன்.

"கடைசிப் பக்கங்கள் அவர் எழுதேல்லை," என்றாள் என் வயதுக்காரியான அவள்.

"எப்பிடித் தெரியும்?"

"அவரின்ரை கதையளிலை பொம்பிளையள் கோவம் வந்தா அழுவினம். இவள் கதைக்காமல் சட்டி தேய்க்கிறாள். அது நீ செய்யிற வேலை."

வெட்கத்தில் கொப்பியைப் பறிக்கப் போனேன். அவள் விடவில்லை.

"தேய்ச்சு முடிய என்ன செய்தவள்? அதையும் எழுதித் தா."

நன்றியோடு நினைக்கும்போது அந்த எழுத்தாளரும் ஜெயாவும் சேர்ந்தே வருகிறார்கள். அன்று பின்னேரமே புதுக் கொப்பியைத் திறந்தேன். பார்த்தெழுத எதிரே புத்தகம் எதுவும் இருக்கவில்லை.