வெள்ளி விரதத்தோடு ஸ்கீ ஓடப் போனது

என்ரை மனுசன் கதைக்கிறதை நிப்பாட்டி ஒரு மாரி முழுக்கப் போச்சுது. ஊமையாய்ப் போகேல்லை. கேட்டால் "ஓம்" எண்டுவார், "இல்லை" எண்டுவார், அதுக்கு மேலை ஒரு சொல்லு வராது. வேலை செய்த தொழிற்சாலையைப் பூட்டி எல்லாரையும் வீட்டை அனுப்பின பிறகு வந்த வினை. டென்மார்க்கிலை, இந்த ஹோர்சன்ஸ் ஊரிலை, எங்கடை சனம் கூடுற மண்டபத்திலை மைக் இல்லாமல் கூட்டம் நடத்தின மனுசன். வெங்காயத்தைப் பெரிசாய் வெட்டினால் அதுக்கும் ஒரு சத்தம், டிவியிலை மந்திரி வந்தால் அதுக்கும் ஒரு சத்தம். "கொஞ்சம் வாயை மூடுங்கோவன்" எண்டு எத்தினை தரம் சொல்லியிருப்பன்! இப்ப குசினியிலை நிண்டால் ஃப்ரிட்ஜ் உறுமுறது மட்டும்தான் கேட்டுது.

டொக்டர் குளிசை குடுத்தார். அது மேசை லாச்சிக்குள்ளை தொடாமல் கிடந்தது. மகள் ஓகூஸ் நகரத்திலையிருந்து ஃபோன் எடுத்து டெனிஷிலை படிப்பிப்பா: அப்பாவுக்கு ஃப்ரிஸ்க் லுஃப்ட் வேணும், நல்ல காத்து வேணும், வெளியிலை கூட்டிக்கொண்டு போங்கோ. இந்த நாட்டிலை எந்த வருத்தத்துக்கும் அதுதான் கசாயம், கால் முறிஞ்சாலும் காத்துப்பட நட எண்டுதான் சொல்லுவினம். எனக்குப் பத்திக்கொண்டு வந்துது. "உன்ரை கொப்பர் கதிரையை விட்டு எழும்பினால்தானேயடி காத்து!" எண்டு கத்திப்போட்டு வைச்சிட்டன். பிறகு குளியலறைக்குள்ளை போய் அழுதன்.

நான் முதியோர் இல்லத்திலை வேலை. அங்கை ஆம்பிளையள் எப்பிடிப் போறவை எண்டு எனக்குத் தெரியும். முதல் கதை நிக்கும். பிறகு சாப்பாடு நிக்கும். பிறகு ஒரு நாள் நாங்கள் அறைக்குள்ளை போய் யன்னலைத் திறந்து விடுவம். ஆள் செத்தால் யன்னல் திறக்கிறது இஞ்சத்தை வழக்கம். அப்பிடி எத்தினை யன்னலை இந்தக் கையாலை திறந்திட்டன். என்ரை வீட்டு யன்னலையும் திறக்க வேண்டி வந்திடுமோ எண்டு பயம் பிடிச்சிட்டுது. வேறை என்ன செய்யிறது எண்டு தெரியாமல் வெள்ளிக்கிழமை விரதம் பிடிக்கத் துவங்கினன்.

அந்த நேரத்திலைதான் ஸ்நோ கொட்டிச்சுது. எங்கடை பக்கம் ஸ்நோ வந்தால் ரெண்டு நாள் நிண்டால் பெரிய காரியம், அதுக்கிடையிலை டெனிஷ்காரர் பரணிலை கிடக்கிற ஸ்கீயளை, அதுதான் ஸ்நோவிலை வழுக்கிற நீளக் கட்டையளை, இறக்கிப்போடுவினம். என்னோடை வேலை செய்யிற டெனிஷ்காரி சப்பாத்தோடை ரெண்டு சோடி கொண்டு வந்து தந்தா. மலையாலை வழுக்கிற விளையாட்டு இல்லையாம். லாங்ரென் எண்டு சொல்லுவினம், சமதரையிலை தடியை ஊண்டித் தள்ளித் தள்ளிப் போறது. "உன்ரை மனுசனோடை போ. சின்னப் பிள்ளையும் செய்யும். வடிவாய்ச் சாப்பிட்டிட்டுப் போ, உடுப்பு மட்டும் மெல்லிசாய்ப் போடு" எண்டா. நான் தலையை ஆட்டினன்.

அடுத்த நாள் வெள்ளி. சனிக்கு மழையாம், ஸ்நோ கரைஞ்சு போயிடும். விரதத்தை முறிக்கவும் பயம், ஸ்நோவைத் தவற விடவும் பயம். அவருக்காகப் பிடிக்கிற விரதம், அவருக்காகத்தானே போறன், பிள்ளையார் பாத்துக்கொள்ளட்டும் எண்டு ரெண்டையும் ஒண்டாய் வைச்சிட்டன். மெல்லிசாய்ப் போடு எண்டதையும் நான் கேக்கேல்லை. குளிருக்கை மெல்லிசாய்ப் போட எனக்கென்ன விசரே? உள்ளுக்குக் கம்பளி, அதுக்கு மேலை ஸ்வெட்டர், அதுக்கு மேலை தடிப்பான ஜக்கெற், காதை மூடித் தொப்பி.

"ஸ்நோவிலை கார் ஓட எனக்குப் பயமாயிருக்கு, ஒருக்காக் கொண்டுபோய் விடுங்கோ" எண்டு கெஞ்சினன். பொய்தான், எந்த ஸ்நோவிலையும் வேலைக்கு நானேதான் ஓடுறனான். கார்த் திறப்பை எடுத்தார். காட்டுக்குப் பக்கத்திலை ஒரு பெரிய வெளி. அவருக்கெண்டு கொண்டு வந்த சோடியைக் காட்டினன்.

"இல்லை" எண்டார். எஞ்சினை நிப்பாட்டாமல் கண்ணாடிக்கு அங்காலை பாத்துக்கொண்டிருந்தார்.

கோவமும் அழுகையும் ஒண்டாய் வந்துது. சரி, நானாவது போறன், நான் ஆடுற கூத்தைப் பாத்து ஒருக்காச் சிரியுங்கோ எண்டு மனசுக்குள்ளை சொல்லிக்கொண்டு சப்பாத்தை ஸ்கீயிலை கொழுவினன். சப்பாத்தின்ரை நுனி மட்டும்தான் பூட்டும், குதி கழண்டபடி நிக்கும். முதல் அடி வைக்க ரெண்டு காலும் பின்னாலை போச்சுது. தடியை ஊண்டினன், தடி புதைஞ்சுது. என்ரை தாய் வயசிருக்கிற ஒரு டெனிஷ் மனுசி சுகமாய் வழுக்கிக்கொண்டு வந்து "ஹாய்" சொல்லிப்போட்டுப் போனா. நல்லாய் இருங்கோ அம்மா!

எண்டாலும் விடேல்லை. திரும்பிப் பாத்தன், கார் அங்கையே நிக்குது, கதவு பூட்டினபடி. அந்தக் கதவு திறக்குமட்டும் நிப்பாட்டுறேல்லை எண்டு வீம்பு பிடிச்சுக்கொண்டு தள்ளினன். வேர்வை முதுகாலை ஓடிச்சுது. ஜக்கெற்றுக்குள்ளை அவிஞ்சன். காலமை குடிச்ச வெறுந்தேத்தண்ணி எந்த மூலைக்குக் காணும்? வெள்ளையாய்க் கிடந்த வெளி திடீரெண்டு கறுத்துது.

கண் முழிக்க ஆகாயம் தெரிஞ்சுது. ஸ்கீ ரெண்டும் ஒண்டுக்குமேலை ஒண்டு பின்னிப்போய்க் கிடந்தது, காலை இழுக்க இழுக்க இறுகிச்சுது. புரண்டு பாத்தன், முழங்காலிலை ஏலுமோ எண்டு பாத்தன், ஒண்டும் நடக்கேல்லை. "இஞ்சேருங்கோ!" எண்டு கூப்பிட்டன். குரல் கம்பளிக்குள்ளையே நிண்டிட்டுது. கதவு பூட்டினபடிதான் இருந்திருக்கும், ஆரும் வரேல்லை. அப்பதான் உண்மையாய்ப் பயந்தன். குளிருக்கில்லை. நான் இப்பிடிக் கிடக்கிறதைக் கண்டும் அந்த மனுசன் அசையாமல் இருந்தால், இனி நான் செய்ய உலகத்திலை ஒண்டுமில்லை. முருகா, என்னை இதுக்கோ கொண்டு வந்தனீ எண்டு வாய்விட்டு அழுதன்.

கார்க் கதவு அடிபட்ட சத்தம் கேட்டுது.

புதைஞ்சு புதைஞ்சு வாறார். ஒருக்கா விழுந்து எழும்பினார். ஜக்கெற் போடேல்லை, வேலைக்குப் போட்ட பழைய ஸ்வெட்டரோடை வாறார். மூச்சு வாங்குது, முகம் சிவந்து போச்சுது.

"உமக்கென்ன விசரே?"

காட்டிலை இருந்த காகமெல்லாம் எழும்பிச்சுது.

"வயித்திலை ஒண்டுமில்லாமல் வெள்ளிக்கிழமையும் அதுவுமாய் இந்தக் கட்டையளைக் கொழுவிக்கொண்டு! காலமை வெறுந்தேத்தண்ணிதானே குடிச்சனீர்? போன வெள்ளியும் அப்பிடித்தான், அதுக்கு முந்தின வெள்ளியும் அப்பிடித்தான். நான் பாக்கேல்லை எண்டு நினைச்சனீரோ? விழுந்து மண்டை உடைஞ்சால் மகளுக்கு ஆர் பதில் சொல்லுறது? இதென்ன உடுப்பு, வட துருவத்துக்கோ போறீர்?"

ஐயோ, அந்தச் சத்தம்! குனிஞ்சு ஸ்கீயைக் கழட்டிக்கொண்டே பேசினார். பூட்டுத் திறக்கேல்லை எண்டு பூட்டுக்கும் பேச்சு, தந்த டெனிஷ்காரிக்கும் பேச்சு, தொழிற்சாலையைப் பூட்டிப்போட்டுப் போன முதலாளிக்கும் பேச்சு. அந்த ஆளைப் பற்றி வீட்டிலை ஒரு சொல்லும் சொல்லாத மனுசன் அங்கை நிண்டு கண்ணீர் வடிய வடியத் திட்டினார்.

முதுகு நனைஞ்சு குளிர் எலும்புக்குள்ளை ஏறிச்சுது. ஸ்கீ ரெண்டும் கழண்டிட்டுது, எனக்கு எழும்ப ஏலும். கையை நீட்டி "எழும்புமன்!" எண்டு உறுக்கினார்.

நான் கையைக் குடுக்கேல்லை. எழும்பினால் கதைக்கிறதை நிப்பாட்டிப் போடுவார் எண்டு பயமாயிருந்துது.

"இன்னும் ஏலாமல் கிடக்கு" எண்டன்.

"ஏலாதோ? எப்பிடியப்பா ஏலும்?" எண்டு திரும்பவும் துவங்கினார்.