பலாமரத்தில் தொங்கிய பிரேக் டிரம்

என் பழைய அம்பாசடரின் பிரேக் டிரம்மில் விரிசல். மாற்று டிரம்முக்காகத் தியாகதுருகத்திலிருந்து சென்னை வரை காயலான் கடைகளில் அலைந்து வெறுத்தே போனேன். கடைசியில் கல்வராயன் மலையில், ஒரு பள்ளிக்கூடத்துப் பலாமரத்தில், அதே டிரம் மணியாகத் தொங்கியது! "வேற மணி கொண்டாந்து மாட்டிட்டு இத எடுத்துக்கினு போங்க" என்றார் தலைமையாசிரியை.

மறுநாள் காலையிலேயே கள்ளக்குறிச்சியிலிருந்து வெண்கல மணியோடு போய் நின்றேன். விரிசல் விட்ட டிரம்மைத் தட்டினால் சத்தம் மந்தமாக வரும்; நல்லதென்றால் கணீரென்று ஒலிக்கும். கழற்றுவதற்கு முன் சோதித்துவிடலாமென்று ஸ்பேனரால் ஒரு தட்டு தட்டினேன். கணீர்! நம்பமுடியாமல் மறுபடி தட்டினேன். சந்தோஷம் தாங்காமல் தட்டிக்கொண்டே இருந்தேன்.

திரும்பிப் பார்த்தால், பத்தரை மணிக்கே மொத்தப் பள்ளிக்கூடமும் பையை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.